சங்கிலி அவிழ்ந்த பிறகு: மனநலச் சிகிச்சையில் மனித உரிமை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநோயால் பாதிக்கப்பட்டோரின் உரிமைக்காக நாடு கடந்து பணியாற்றும் தொண்டு நிறுவனங்கள் உண்மையில் என்ன செய்கின்றன, அவற்றால் என்ன மாறியிருக்கிறது, அந்தப் பணி நம் ஊருக்கு எவ்வகையில் பொருந்தும் என்று நோயாளிகளின் குடும்பத்தினரும் சமூகப்பணி மாணவர்களும் தன்னார்வலர்களும் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். அக்கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன்.

கேள்வி: மனிதநேயத்தோடு கவனிப்பதும் உரிமையின் அடிப்படையில் கவனிப்பதும் ஒன்றுதானே? இரண்டு சொற்கள் எதற்கு?

இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு விளங்கிவிட்டால் மற்ற கேள்விகள் பலவற்றுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். ஒரு காப்பகத்தில் வேளாவேளைக்குச் சூடான சாப்பாடு, வெளுத்த விரிப்பு, கடிந்து பேசாத பணியாளர்கள் எல்லாம் இருக்கலாம். ஆனால் அங்கே தங்கியிருப்பவர் வெளியே ஒரு தேநீர் குடித்துவிட்டு வர விரும்பினால் யாரிடமும் கெஞ்சாமல் போய்வர முடியாது என்றால், தனக்கு என்ன மாத்திரை தரப்படுகிறது என்று கேட்டால் பதில் கிடைக்காது என்றால், அங்கே இருப்பது கருணை மட்டுமே. கருணை கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. நிர்வாகி மாறினால் அதுவும் மாறிவிடும். உரிமை, பெறுபவருக்குச் சொந்தமானது. அது மறுக்கப்படும்போது முறையிடுவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும்.

எந்த இல்லத்துக்குச் சென்றாலும் நான் முதலில் கவனிப்பது சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். நீண்ட ஆண்டுகள் மருத்துவமனையில் கழித்துவிட்டு, இப்போது வாடகை வீட்டில் மூன்று தோழியரோடு வசிக்கும் ஒரு பெண்மணி, வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தார். பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் அதை மூன்று நான்கு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருடைய மாத்திரைச் சீட்டு மருத்துவமனையில் எழுதப்பட்ட அதே சீட்டுதான். அதில் ஒன்றும் மாறவில்லை. மாறியது சாவி இருந்த இடம்.

கேள்வி: இந்த உரிமைகள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன?

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் எழுதப்பட்டிருக்கின்றன. மனநலப் பாதிப்பால் நெடுங்காலமாக இடர்ப்படுவோரும் அதன் வரையறைக்குள் வருகிறார்கள். சட்டத்தின் முன் அனைவருக்கும் சமமான தகுதி உண்டு என்கிறது 12ஆவது பிரிவு. குறைபாட்டைக் காரணமாகக் காட்டி ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது 14ஆவது பிரிவு. சமூகத்தில் பிறரோடு சேர்ந்து வாழும் உரிமையை 19ஆவது பிரிவும், ஒப்புதலின் பேரில் மருத்துவம் பெறும் உரிமையை 25ஆவது பிரிவும் பேசுகின்றன. இந்தியா 2007இலும் இலங்கை 2016இலும் இதை ஏற்புறுதி செய்தன. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த உடன்படிக்கையை நிறைவேற்றும் நோக்கத்தோடு இயற்றப்பட்டு, 2018இல் நடைமுறைக்கு வந்தது. இந்த உடன்படிக்கையை எழுதும் பேச்சுவார்த்தைகளில் மனநலச் சிகிச்சையின் பெயரால் துன்பப்பட்டவர்களின் அமைப்புகளே நேரில் அமர்ந்திருந்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். "எங்களைப் பற்றிய முடிவை எங்களை விட்டுவிட்டு எடுக்காதீர்கள்" என்ற அவர்களுடைய முழக்கம் அதன் வாசகங்களில் பதிந்திருக்கிறது.

கேள்வி: பெற்ற பிள்ளையையே சங்கிலியால் கட்டுகிறவர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி ஏர்வாடியை நினைவூட்டாமல் இருக்காது. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் ஒருவர் நடத்திவந்த மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. உரிமம் இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன.

அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலோர் நிலத்தையோ நகையையோ விற்று ஊர் ஊராக அலைந்து ஓய்ந்த தாய் தந்தையர், அண்ணன் தம்பியர். கட்டாவிட்டால் கிணற்றில் விழுந்துவிடுவான், பேருந்தில் அடிபட்டுவிடுவான், ஊரார் கல்லால் அடிப்பார்கள் என்ற அச்சத்தில்தான் சங்கிலி வாங்கப்படுகிறது. மருந்து கிடைக்கும் மருத்துவமனை நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து, அங்கே போய்வர ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் இழக்க வேண்டியிருந்தால், கையருகே இருக்கும் ஒரே "சிகிச்சை" சங்கிலிதான். இதைச் சொல்வது அதை நியாயப்படுத்துவதற்காக அல்ல. குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் மட்டும் எந்தச் சங்கிலியும் அவிழ்ந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இது நமக்கு மட்டும் உரிய கேடும் அல்ல. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற பன்னாட்டு அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை, ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்களில் ஏறத்தாழ 60 நாடுகளில் மனநலப் பாதிப்புள்ளோர் சங்கிலியிலோ சிறு அறைகளிலோ அடைக்கப்பட்டிருப்பதாகப் பதிவு செய்தது. இந்தோனேசியாவில் இதற்குப் "பாசுங்" என்று தனிப்பெயரே உண்டு. அங்கே கால்களை மரச்சட்டத்தில் மாட்டிவைப்பார்கள், அல்லது ஆட்டுக்கொட்டகை போன்ற அடைப்பில் பூட்டிவைப்பார்கள். அந்நாட்டரசு 1977இலேயே இதற்குத் தடை விதித்தது. ஆயினும் 2016இல் அதே அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி அப்போது சுமார் 18,800 பேர் அந்நிலையில் இருந்தார்கள். தடையாணை வந்து 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேள்வி: பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்கள் உண்மையில் என்ன வேலை செய்கின்றன? அறிக்கை எழுதுவதால் என்ன பயன்?

அறிக்கையின் பயனை அறிய, சோவியத் ஒன்றியத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசை எதிர்த்துப் பேசியவர்களை அங்கே மனநோயாளிகள் என்று முத்திரை குத்திச் சிறப்பு மனநல மருத்துவமனைகளில் அடைத்துவைத்தார்கள். "மந்தகதி மனச்சிதைவு" என்ற ஒரு நோய்ப்பெயர் அதற்குக் கைகொடுத்தது. சீர்திருத்த வேட்கையும் பிடிவாதமான நேர்மையுமே நோய்க்குறிகளாக எண்ணப்பட்டன. கந்தகத்தை எண்ணெயில் கலந்து ஊசி போட்டுக் கடும் காய்ச்சலை வரவழைப்பார்கள். ஈரத்துணியால் இறுகச் சுற்றி, அது காயக் காய உடலை நெரிக்கும்படி விட்டுவைப்பார்கள். மேஜர் ஜெனரல் பெத்ரோ கிரிகோரெங்கோவும் கணிதவியலாளர் லியோனித் பிளியூஷும் இவ்வாறு அடைக்கப்பட்டவர்களுள் அடங்குவர். கிரிகோரெங்கோவுக்கு மனநோய் இல்லை என்று, கிடைத்த ஆவணங்களை மட்டும் கொண்டு மாற்று மதிப்பீடு எழுதிய கீவ் நகரத்து இளம் மனநல மருத்துவர் செமியோன் குளுஸ்மன், 1972இல் கைதாகி ஏழாண்டு முகாம் தண்டனையும், அதன்பின் நாட்டுக்குள்ளேயே தொலைதூர ஊருக்கு அனுப்பப்படும் தண்டனையும் அனுபவித்தார்.

அரசை எதிர்த்துப் பேசியவர்களுள் ஒருவரான விளாதிமிர் புக்கோவ்ஸ்கி 1971இல் திரட்டி மேலை நாடுகளுக்கு அனுப்பிய நூற்றைம்பது பக்க ஆவணக்கட்டு, அதுவரை "எங்களுக்குத் தெரியாது" என்று இருந்துவந்த மருத்துவ உலகத்துக்கு அந்தச் சாக்கை இல்லாமல் செய்தது. 1977இல் ஹோனலூலுவில் கூடிய உலக மனநல மருத்துவச் சங்கத்தின் மாநாடு இந்த அத்துமீறலைக் கண்டித்தது. 1980இல் பல நாட்டுக் குழுக்கள் இணைந்து, மனநல மருத்துவம் அரசியலுக்குப் பயன்படுத்தப்படுவதை எதிர்க்கும் பன்னாட்டுச் சங்கம் ஒன்றை உருவாக்கின. வெளியேற்றப்படும் நிலை நெருங்கியதால் 1983இல் சோவியத் மனநல மருத்துவச் சங்கம் தானாகவே உலகச் சங்கத்திலிருந்து விலகிக்கொண்டது. தவற்றை ஒப்புக்கொண்ட பிறகே, 1989இல் ஏதென்ஸ் மாநாட்டில், நிபந்தனைகளோடு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுவது அதன் பின்பகுதி. சோவியத் ஒன்றியம் கலைந்ததும் வேலை முடிந்ததென்று, 1980இல் உருவான அந்தப் பன்னாட்டுச் சங்கம் வீட்டுக்குப் போய்விடவில்லை. அரசியல் கைதிகள் வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் அதே கட்டடங்களில் உண்மையிலேயே நோயுற்றிருந்த ஆயிரக்கணக்கானோர், கேட்பாரற்று, அதே கம்பிக்கதவுகளுக்குப் பின்னால் இருந்தார்கள். சங்கம் பெயரை மாற்றிக்கொண்டு, கிழக்கு ஐரோப்பாவில் மருத்துவ நூல்களை உள்ளூர் மொழிகளில் பெயர்க்கவும், நோயாளிகளும் குடும்பத்தினரும் தங்களுக்கென அமைப்புகள் தொடங்கவும், செவிலியருக்கும் சமூகப்பணியாளருக்கும் பயிற்சி பெறவும் துணைநின்றது. இன்று உலக அளவில் இயங்கும் மனநல உரிமை நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. பெயர் தெரிந்த கைதிக்காகக் குரல் கொடுக்கத் தொடங்கியவர்கள் பெயர் தெரியாத நோயாளிக்காகவும் நின்றார்கள்.

அறிக்கையைத் தாண்டிய பணியும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட "குவாலிட்டி ரைட்ஸ்" என்னும் மதிப்பீட்டு முறை, உடன்படிக்கையின் வாசகங்களை மருத்துவமனை வார்டில் நின்று சரிபார்க்கக்கூடிய கேள்விகளாக மாற்றித் தருகிறது. குளிக்கும்போது மறைப்பு இருக்கிறதா, சொந்தப் பொருளை வைத்துக்கொள்ள இடம் உண்டா, வீட்டுக்குத் தொலைபேச முடிகிறதா, ஒப்புதல் பெற்றுத்தான் மருந்து தரப்படுகிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். மதிப்பிடும் குழுவில் மனநோயை அனுபவித்தவர்களும் இருக்க வேண்டும். புனேயைச் சேர்ந்த இந்தியச் சட்டக் கழகத்தின் மனநலச் சட்ட, கொள்கை மையம் கனடா நாட்டு நிதியுதவியோடு குஜராத்தில் ஆறு அரசு மனநலச் சேவைகளில் இதைச் செயல்படுத்தியபோது, சேவையின் தரமும் பணியாளர்களின் மனப்பான்மையும் மேம்பட்டதாக ஆய்வு காட்டியது.

கேள்வி: இது ஏழை நாடுகளின் சிக்கல்தானே? பணக்கார நாடுகள் கற்றுத்தர, நாம் கற்றுக்கொள்கிறோமா?

இல்லை. பூட்டிவைக்கும் மனநல விடுதியைப் பெரிய அளவில் உருவாக்கிக் குடியேற்ற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ததே ஐரோப்பாதான். சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தொடக்கமும் 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் உருவான விடுதியில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரையே கேலிச்சொல்லாக ஆக்கிவைத்திருக்கிறோம். அது அங்கே சிகிச்சைக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பத்தையும் சுடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

ஐரோப்பா அதைக் கைவிடத் தொடங்கிய கதைகளுள் இத்தாலியின் திரியெஸ்தே நகரத்துக் கதை தனித்தன்மை வாய்ந்தது. மனநல மருத்துவர் பிராங்கோ பசாலியா 1971இல் அங்கே பொறுப்பேற்றபோது, சான் ஜொவான்னி மருத்துவமனையில் ஏறத்தாழ 1,200 பேர் இருந்தார்கள். அவர் வார்டுகளின் பூட்டுகளைத் திறந்தார், கட்டிவைப்பதை நிறுத்தினார், நோயாளிகள் கூலி பெற்று வேலை செய்யக் கூட்டுறவுச் சங்கம் அமையச் செய்தார். அங்கே சலவைத்துணி வண்டி இழுத்த மார்கோ கவால்லோ என்ற குதிரை முதுமையடைந்து, அதை இறைச்சிக்கு அனுப்ப முடிவானபோது, நோயாளிகள் அதைக் காப்பாற்றும்படி விண்ணப்பம் எழுதினார்கள், குதிரை பிழைத்தது. 1973இல் அதன் நினைவாக மரத்தாலும் காகிதக்கூழாலும் ஒரு பெரிய நீலக்குதிரை செய்து ஊர்வலமாகக் கொண்டுசென்றபோது, அது வாசலில் நுழையவில்லை. வாசலை இடித்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். 1978 மே மாதம் இத்தாலியில் நிறைவேறிய 180ஆம் எண் சட்டம், நாடு முழுவதும் மனநல விடுதிகளைப் படிப்படியாக மூட வழிசெய்தது. திரியெஸ்தேயில் அவற்றின் இடத்தில், சில படுக்கைகள் மட்டும் கொண்டு இரவும் பகலும் திறந்திருக்கும் சமூக மனநல மையங்கள் அமைந்தன.

கேள்வி: சங்கிலியை அவிழ்த்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத எந்த மீட்புப் பணியும் பாதிப் பணிதான். கானா நாட்டில் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சங்கிலி தடைசெய்யப்பட்டது. 2017இல் நியான்குமாசி ஜெபமுகாமிலிருந்து 16 பேரை அந்நாட்டு மனநல ஆணையம் விடுவித்தது. செய்தித்தாள்களில் படங்கள் வந்தன. ஆனால் பின்வந்த ஆண்டுகளில் ஆய்வாளர்கள் சென்று பார்த்தபோது வேறு முகாம்களில் சங்கிலி தொடர்ந்தது. ஊரில் மருந்தும் வேலையும் வீடும் இல்லாதபோது, குடும்பங்கள் மீண்டும் முகாமைத்தான் நாடின.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு விடை உருவாகியிருக்கிறது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் சென்னையில் தொடங்கிய தி பேன்யன் நிறுவனம், தெருவில் நிராதரவாகத் திரிந்த பெண்களுக்கு இடமளிக்க முளைத்தது. "அடைக்கலம்" என்றுதான் அதன் விடுதிக்குப் பெயர். பலர் குணமாகி ஊர் திரும்பினார்கள். ஆனால் வீடு ஏற்காதவர்கள், ஊர்ப்பெயரே நினைவில் இல்லாதவர்கள் எனச் சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்க நேர்ந்தது. நல்ல விடுதியும் விடுதிதானே என்ற கேள்வியை அந்நிறுவனம் தன்னையே கேட்டுக்கொண்டது. இதைப் பெரிய நேர்மை என்று கருதுகிறேன். அதன் விளைவுதான் "ஹோம் அகெய்ன்" திட்டம். நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வசிக்கிறார்கள்; தேவைக்கேற்பப் பணியாளர் ஒருவர் உடனிருக்கிறார். காய்கறி வாங்குவதும், என்ன குழம்பு வைப்பது என்று சண்டை பிடிப்பதும், பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போவதும் அங்கே அன்றாடம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட, உரிமையை அடிப்படையாகக் கொண்ட சமூக மனநலச் சேவைகளுக்கான வழிகாட்டியில், திரியெஸ்தேயோடு இத்திட்டமும் முன்னுதாரணமாக இடம்பெற்றிருக்கிறது. அடைக்கலம் கருணையில் தொடங்கியது. வாடகை வீடு உரிமையை நோக்கி அது எடுத்துவைத்த அடி.

கேள்வி: போதிய மருத்துவர்களே இல்லாத நாட்டில் இதெல்லாம் நடக்குமா?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்கிறார்கள். அவர்களில் மிகப்பலருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. மருத்துவர் பற்றாக்குறை உண்மை. ஆனால் எல்லா வேலைக்கும் மருத்துவர் தேவையில்லை.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, பேருந்துக் கட்டணம் இல்லாமல் மருத்துவமனைக்கு வர இயலாத ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டதால் உலுக்கப்பட்டார். ஹராரேயில் சுகாதார நிலையங்களின் வெளியே மரத்தடியில் பெஞ்சுகளைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை அமரவைத்தார். 2006இல் 14 பாட்டிமார்களோடு தொடங்கிய "நட்பு பெஞ்ச்" அது. ஷோனா மொழியில் மனச்சோர்வுக்கு வழங்கும் சொல் "குஃபுங்கிசிசா". அளவுக்கு மீறி யோசிப்பது என்பது அதன் பொருள். "யோசனை கூடிப்போச்சு, தூக்கமே இல்லை" என்று நம் கிராமங்களில் சொல்வதும் இதையேதான். நோய்ப்பெயரைச் சொல்லி மிரட்டாமல், அந்தச் சொல்லிலிருந்தே பாட்டிமார்கள் பேச்சைத் தொடங்குகிறார்கள். 573 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வு, இந்தப் பேச்சுதவி பெற்றவர்களின் துயரக்குறிகள் வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிடக் கணிசமாகக் குறைந்ததைக் காட்டியது.

பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் அண்டர்ஹில் நிறுவிய பேசிக் நீட்ஸ் என்ற தொண்டு நிறுவனம், தன் முதல் களங்களுள் ஒன்றாகத் தென்னிந்தியாவைத் தேர்ந்தது. ஓர் ஊருக்குச் சென்றால் முதல் வேலையாக நோயாளிகளையும் குடும்பத்தினரையும் வட்டமாக உட்காரவைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது அதன் வழக்கம். மருந்து வேண்டும் என்பதோடு வேலை வேண்டும் என்ற பதிலும் வந்துகொண்டே இருந்தது. ஆகவே சிகிச்சையையும் ஆடு வளர்ப்பு, சிறுகடை போன்ற பிழைப்புவழிகளையும் சேர்த்தே அவர்கள் திட்டமிட்டார்கள்.

கேள்வி: தர்காக்களையும் கோயில்களையும் மூடிவிட வேண்டும் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் அங்கே தங்கி, கோயில் வேலைகளில் பங்குகொண்டவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அன்பான, அச்சுறுத்தாத ஓர் இடமே ஆறுதல் தரும் என்பதற்கு அது சான்று. எதிர்க்க வேண்டியது சங்கிலியையும் பட்டினியையும் அடியையும்தான், வழிபாட்டை அல்ல. குஜராத்தின் உனாவா தர்காவில் மருத்துவர்களும், தர்காவைக் கவனித்துக்கொள்ளும் முஜாவர்களும் கைகோத்து நடத்தும் "தவா–துவா", அதாவது மருந்தும் வேண்டுதலும் என்ற முறை, ஏர்வாடி தர்காவிலும் பின்பற்றப்பட்டது. வேண்டிக்கொள்ள வந்தவரை முஜாவரே பக்கத்து அறையிலிருக்கும் மருத்துவரிடம் அனுப்பிவைக்கும்போது குடும்பத்துக்கு வருகிற நம்பிக்கையை எந்தத் துண்டுப்பிரசுரத்தாலும் உண்டாக்க முடியாது.

கேள்வி: வெளிநாட்டுப் பணம் வெளிநாட்டுக் கருத்துகளையும் திணிக்காதா?

திணித்ததுண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் எண்ணற்ற அமைப்புகள் "மனவடு ஆலோசனை" தர விரைந்து வந்தன. மொழி தெரியாதவர்கள், சில நாள் மட்டுமே தங்குபவர்கள், காணாமற்போன பிள்ளையைப் பற்றித் தாயைத் திரும்பத் திரும்பப் பேசவைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அந்தத் தாய்க்கு அப்போது வேண்டியிருந்தது உடலைத் தேடித்தரும் உதவியும், சடங்கு செய்ய இடமும், உறவினரோடு சேர்ந்திருக்க ஒரு கூரையும். இவ்வகை அனுபவங்களின் பின்னணியில்தான் 2007இல் ஐ.நா. முகமைகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து நெருக்கடிக்கால மனநல, உளசமூக ஆதரவுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன; முதலில் தீங்கு செய்யாதீர், உள்ளூர் வளங்களின்மேல் கட்டுங்கள் என்பவை அதன் அடிப்படைகள். அதே நாட்டில், ஆழிப்பேரலைக்கு முன்பிருந்தே போரின் நடுவில் பணியாற்றிவந்த யாழ்ப்பாணத்துச் சாந்திகம் போன்ற உள்ளூர் அமைப்புகள் இருந்தன என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர் அவர்களிடம் கேட்டுத் தொடங்கியிருந்தால் பல தவறுகள் நேர்ந்திரா.

கேள்வி: ஒருவர் சிகிச்சையை மறுத்தால், ஆபத்தான நிலையிலும் சும்மா இருக்க வேண்டுமா?

உரிமைக்காகப் பாடுபடுவோரிடையேயும் இன்னும் தீராத விவாதம் இது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு, 2014இல் தந்த விளக்கத்தில், பிறர் ஒருவருக்குப் பதிலாக முடிவெடுக்கும் முறை ஒழிய வேண்டும், முடிவெடுக்க உதவும் முறையே வர வேண்டும் என்றது. மனநல மருத்துவர்கள் பலர், கடும் நெருக்கடியில் இது நடைமுறைக்கு ஒவ்வாது என்கிறார்கள். இந்தியச் சட்டம் நடுவழியில் நிற்கிறது. அவசரநிலையில் எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம்; அதற்கும் நியமனப் பிரதிநிதி, அதாவது நோயாளி தன் சார்பில் நியமித்தவர், உடனிருந்தால் அவருடைய ஒப்புதல் வேண்டும். நோயாளியின் சம்மதமின்றிச் சேர்ப்பதற்குக் கால வரம்பும், மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடும் வழியும் உண்டு. மயக்க மருந்தின்றி மின்னதிர்வு கொடுப்பதும், எந்த வகையிலும் சங்கிலியிடுவதும் முற்றாகத் தடை.

என் கருத்தைச் சொல்வதானால், வலுக்கட்டாயம் தவிர்க்க முடியாதது என்று வாதிடுகிற இடங்களில் பெரும்பாலும் முந்தைய ஆறு மாதங்களில் யாரும் அந்த மனிதரிடம் உட்கார்ந்து பேசியிருப்பதில்லை. ஏன் மாத்திரையை நிறுத்தினாய் என்று கேட்டிருந்தால், கை நடுங்குகிறது, தறியில் நூல் கோக்க முடியவில்லை என்று அவர் சொல்லியிருப்பார், மருந்தை மாற்றியிருக்கலாம். காவலர் நால்வர் தூக்கிவரும் நாளில் அந்தக் கேள்விக்கு நேரம் கடந்துவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் மருந்தே வேண்டாம் என்பவர்களா நீங்கள்?

இல்லை. மருந்தால் வாழ்வு மீண்டவர்கள் ஏராளம். எந்த மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துவது ஆபத்து. என்ன மருந்து, எதற்கு, என்ன பக்கவிளைவு என்று அறிந்து ஒப்புக்கொள்ளும் உரிமையைத்தான் கேட்கிறோம்.

கேள்வி: ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை தரும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் அதன் படங்களைப் பாருங்கள். அழுக்கும் கந்தலுமாக, முகம் தெரிய, பெயரோடு ஒருவரின் நிலையைக் காட்டிப் பணம் கேட்டால், அவர் அந்தப் படத்துக்குச் சம்மதித்தாரா என்று கேளுங்கள். நிர்வாகக் குழுவில் மனநோயை அனுபவித்த ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். விருந்தினராக மேடையேற்றப்படுபவராக அல்ல, கையெழுத்திடும் அதிகாரத்தோடு. எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், ஓராண்டு கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற கணக்கு வைத்திருப்பவர்கள் நம்பத்தக்கவர்கள். மூன்றாண்டுத் திட்டநிதி தீர்ந்ததும் மருந்து எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, அரசின் மாவட்ட மனநலத் திட்டத்தோடு இணைந்திருக்கிறோம் என்ற வகையில் தெளிவான பதில் வர வேண்டும். முன்னறிவிப்பின்றிப் பார்க்க வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு வரும் தயக்கமே ஒரு பதில்.

கேள்வி: எங்கள் வீட்டிலேயே ஒருவர் பாதிக்கப்பட்டிருக்கிறார். நாங்கள் எங்கே தொடங்குவது?

இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் எண்ணிலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருந்துகள் இலவசம். மருத்துவரிடம் செல்லும்போது அவரைப் பற்றி அவருக்கு முன்னாலேயே பிறர் மாறி மாறிப் பேசாமல், முதலில் அவர் பேச இடம் கொடுங்கள். காப்பீடு இருந்தால் மனநோய்க்கும் அது பொருந்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு உண்டு.

அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், வெள்ளைத்தாளில் தன் கையெழுத்தோ கைநாட்டோ இட்டு, தனக்கு யார் நியமனப் பிரதிநிதி என்று எழுதிவைக்கட்டும். எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது வேண்டாம், நெருக்கடி வந்தால் யாரை அழைக்க வேண்டும், எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லக் கூடாது என்பதையெல்லாம் முன்கூட்டிய விருப்ப ஆவணமாக எழுதி மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்யவும் முடியும். எழுதும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஆனால் பேனா அவர் கையில் இருக்கட்டும். நகல் ஒன்றை மாத்திரைப் பெட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள்.